சிங்காரவேல் தாழ்த்திய வண்டி

எங்கள் தெருவில் சிங்காரவேல் அண்ணனைப் போலக் கெட்டிக்காரரும் கிடையாது, அவரைப் போல முட்டாளும் கிடையாது. இரண்டையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இரண்டாவதாக ஒரு முட்டாள் வேண்டுமென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம். அது கடைசியில் உங்களுக்கே புரியும்.

நான் ஆதிலட்சுமி. நெய்வேலி நகரியத்தில் இருபத்தோராம் பிளாக். அவர் குவார்ட்டர்ஸுக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் மிக்ஸி போட்டால் அவருக்குத் தூக்கம் கலையும். என் வீட்டுக்காரர் சுரங்க வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பதிலாக எனக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தது. பதினாறு வருஷமாக அந்த நாற்காலியும் இந்தச் சுவரும்தான் எனக்குத் துணை. சுவருக்கு அந்தப் பக்கம் பொற்கொடி அக்கா இருந்தார். இப்போது இல்லை.

சிங்காரவேல் அண்ணன் இரண்டாம் சுரங்கத்தில் ஃபிட்டர். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனது, மகனுக்குப் பர்மனென்ட் வேலை வந்தது. முப்பது வருஷமாக அந்த ராட்சச மண்வெட்டி எந்திரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமே அவர் பிழைப்பு. அங்கே ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் வெட்டுவார்கள், இல்லையென்றால் வெல்டிங் வைப்பார்கள். வேறு யோசனையே கிடையாது. அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"மெஷினு மனுசனுக்கு ஒத்து வரலன்னா மெஷினத்தான் வெட்டணும். மனுசன வெட்ட முடியுமா?" என்பார்.

பொற்கொடி அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் முடக்குவாதம் வந்தது. அதற்கு முன்பு எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தது அவர்தான். முதலில் விரல்கள் போயின, தையல் மெஷினுக்கு உறை போட்டார்கள். அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. வருஷக்கணக்கில் தின்ற மாத்திரை எலும்பையே உளுத்த மரம் மாதிரி ஆக்கிவிட்டது. அவருக்குக் கை எட்டாமல் போகப் போக அண்ணன் வீட்டையே ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். கதவுத் தாழ்ப்பாள் இடுப்பு உயரத்துக்கு வந்தது. சுவிட்சுப் பெட்டி இறங்கியது. குளியலறைக் குழாய் இறங்கியது. அந்த வீட்டுக்குள் போனால் எல்லாம் குழந்தைகள் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். நான் கேலி செய்வேன். அக்கா சிரிப்பார்.

அவர்களுடைய ஒரே மகள் சண்முகப்பிரியா ஓசூரில் வேலைக்குப் போன வருஷம், அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கினார். ஜீப் மாதிரி உயரமான வண்டி. மழைக்காலத்தில் சொந்த ஊர்ச் சேற்றில் போக அதுதான் சரி என்று வாங்கியது. பொண்டாட்டி குள்ளம், அவளுக்குக் கால் தூக்க வராது என்பது வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கெட்டிக்காரர் என்று சொன்னேனே.

மாதம் ஒரு தடவை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்ணன் அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார், நான் காலைப் பிடிப்பேன். அரிசி மூட்டை ஏற்றுவது போலத்தான் ஏற்றுவோம். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள், சிலர் உதவிக்கு ஓடி வருவார்கள். உதவிக்கு வருகிறவர்களைத்தான் அக்காவால் தாங்கவே முடியாது. ஒரு நாள் தூக்கும்போது புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. என் இரண்டு கையிலும் அவர் கால் இருந்தது, என்னால் இழுத்துவிட முடியவில்லை. எதிர்வீட்டு ஆண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். 

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார். "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். செத்தப்புறம் தூக்கிக்கினு போங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கு அடுத்த மாதமும் போகவில்லை. அண்ணன் கெஞ்சினார், நான் திட்டினேன், சண்முகப்பிரியா போனில் அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டர் சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். முந்திரி மரத்தடியில் வண்டியை ஜாக்கி வைத்து நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றி, சுருள் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தார் அண்ணன். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு.

"என்னண்ணே, வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறீங்களா?"

"ஒண்ணரைச் சுத்து வெட்டி எடுக்கறேன். வண்டி நாலு வெரக்கட எறங்கும். அவ முதுகக் காட்டி நின்னா சீட்டு சரியா இடுப்புக்கு வரும். உக்காந்து காலத் திருப்பிக்கினா போதும், யாரும் தூக்க வேணாம்."

"வெட்டினா ஒடைஞ்சு போகாதா?"

"கேஸ் வச்சு வெட்டினாத்தான் கெட்டுப்போவும். சூடு ஏறினா ஸ்பிரிங்கோட உசிரு போயிடும். அதான் தண்ணிய ஊத்தி ஊத்தி வெட்டறேன்." பிறகு தலையை நிமிர்த்தி, சந்தோஷமாக, "இன்னொண்ணு. சுத்து கொறஞ்சா ஸ்பிரிங்கு வெறப்பா ஆவும். வளைவுல வண்டி சாயாது. தரையப் புடிச்சிகினு போவும் பாரு" என்றார்.

விறைப்பாக ஆகும் என்று அவரே அன்றைக்குத் தன் வாயால் சொன்னார். அதை வண்டிக்கு நல்லது என்ற கணக்கில் மட்டும்தான் பார்த்தார். அந்த விறைப்பு வேறு எங்கே போய்ச் சேரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி இறங்கியதும் அச்சு, வண்டியின் அடிப்பாகத்தில் இருக்கும் ரப்பர் கட்டையில் இடித்தது. அதையும் பாதிக்கு அறுத்தார். மாலைக்குள் வண்டி பம்மிக்கொண்டு வாசலில் நின்றது. தெருவில் தவளை வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்படி மாற்றுவது சட்டப்படி தப்பு என்று ஒருவர் வந்து புத்தி சொன்னார். அண்ணன் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து, பின் சீட்டில் உட்கார்ந்தார். முன் சீட்டில் முழங்கால் இடிக்கும், அதனால் அவருக்கு எப்போதும் பின் சீட்டுதான். ஒரு காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார், அப்புறம் இன்னொரு காலை. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். அக்கா நிமிர்ந்து பார்த்து, "நானே ஏறிட்டேங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் பிறகு வாயைத் திறக்க முடியாமல் போனது.

அதற்குப் பிறகு தினமும் ஊர்சுற்றல்தான். மாலையானால் மெயின் பஜார், வெள்ளிக்கிழமை என்றால் நடராஜர் கோயில். குறிஞ்சிப்பாடியில் தறிக்காரர் வீட்டுக்கே போய் அக்கா தானே புடவை பொறுக்கி எடுத்தார். சேத்தியாத்தோப்பில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனார். மாதா மாதம் ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் நானும் கூட, ஏனென்றால் பாத்ரூம் போக ஒரு பொம்பளைத் துணை வேண்டும்.

தாழ்த்திய வண்டியின் கெட்டதெல்லாம் தனக்குத் தெரியும் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். டயர் உள்பக்கம் தேய்ந்தது. மழைத் தண்ணீரில் இறக்க முடியவில்லை. எங்கள் நகரியத்தில் பிளாக்குக்குப் பிளாக் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டியை ஊர வைத்து, குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனைக் கிழிப்பார். அப்படியும் அடியில் கர்ரென்று உரசும். "வண்டிக்கு அடி பட்டா படட்டும், அவளுக்கு சௌகரியம்" என்பார்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. அந்தப் பின் சீட்டு நேராகப் பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. வெட்டின ஸ்பிரிங் அமுங்காது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு மேடும் அப்படியே சீட்டுக்கு ஏறும். எனக்கே பல் கிட்டும் என்றால் உளுத்த முதுகெலும்பு என்ன பாடு படும்? வேகத்தடை வருகிறது என்று தெரிந்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடிப்பார். மடங்கிப்போன அந்த விரல்களுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்றிப்போயிருக்கும். வாயிலிருந்து சத்தம் வந்துவிடக்கூடாது என்பதற்காக, சரியாகச் சக்கரம் ஏறும் நேரத்தில் அண்ணனிடம் ஏதாவது கேட்பார். "என்னங்க, கேஸை மூடினீங்களா?" "என்னங்க, பிரியா போன் பண்ணாளா?" கத்திக் கேட்பார். வலியை அந்தக் கேள்விக்குள் போட்டு வெளியே விட்டுவிடுவார். அண்ணனுக்கு அது தெரியாது.

"வூட்டுல வாயே தொறக்க மாட்டா. வண்டியில ஏறினா போதும், பேச்சு பேச்சுதான்" என்று பெருமையாக என்னிடம் சொல்வார்.

அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனுக்கு மேடு வருவது முன்னாலேயே கண்ணில் படும், உடம்பு தயாராகிவிடும். அதுவும் போக, முப்பது வருஷம் சுரங்க எந்திரத்தின் மேலே நின்றவர். குலுக்கல் என்று ஒன்று இருப்பதே அவர் உடம்புக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவது வருஷம் புதுச்சேரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகில் ஓர் எலும்பு நசுங்கி விரிசல் விட்டிருக்கிறது என்றார். "எங்கயாவது விழுந்தீங்களா? பலமா குலுங்குச்சா?" என்று கேட்டார். அண்ணன் மருந்துக் கடையில் நின்றிருந்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வராண்டாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இப்பவே அண்ணன்கிட்ட சொல்லப்போறேன். வேற ஸ்பிரிங் போடட்டும்."

"போட்டா வண்டி பழையபடி ஒசந்துடும். நீங்க ரெண்டு பேரும் பழையபடி தூக்குவீங்க." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆதி, தூக்கறப்ப வர்ற வெக்கத்துக்கு இந்த வலி எவ்வளவோ மேல். வலி என்னோட போவுது. அது தெருவுல நிக்கறவனுக்குத் தெரியாது. அவருகிட்ட சொன்னீன்னா அந்த மனுசன் ஒடைஞ்சு போயிடுவாரு. எனக்கு சத்தியம் பண்ணு."

செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை மூன்று வருஷத்துக்கு மேல் காப்பாற்றினேன். சத்தியம் காப்பாற்றுவது பெரிய குணம் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

போன வருஷத்துக்கு முந்தின மழையில் அக்காவுக்குச் சளி நுரையீரலில் இறங்கியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் கடைசி நாலு வருஷத்தை வலியோடுதான் வாழ்ந்தார். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் உண்டு.

அண்ணன் வண்டிக்கு உறை போட்டு மூடினார். வேலைக்குப் போவார், வருவார், தாழ்ப்பாள் இறக்கின கதவைக் குனிந்து திறந்து உள்ளே போவார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "அவளுக்கு நான் ஒண்ணும் பெருசா செய்யல. வண்டிய எறக்கிக் குடுத்தேன். அந்த ஒண்ணுதான் செஞ்சேன்." நான் காபி கொடுக்கும் சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

இந்தத் தை மாதம் ஒன்பதாம் பிளாக் தங்கராசு வந்தார். அண்ணனோடு அதே சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். அவர் மனைவி தேவயானிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர்களுடையதும் உயரமான வண்டி. "உங்க வண்டி மாதிரியே எறக்கிக் குடுங்கண்ணே, அவ தானா ஏறட்டும்" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் முகத்தில் அன்றுதான் உயிரைப் பார்த்தேன். கிரைண்டரை எடுத்து வெளியே வைத்தார். சுண்ணாம்புக் கட்டியைத் தேடினார். "பொற்கொடிக்குச் செஞ்ச வேலடா இது. தேவயானி உன்ன வாழ்த்துவா பாரு" என்று தங்கராசுவிடம் சொன்னார்.

நான் சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் இந்த மனிதருக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆறுதல் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொருத்தி முதுகு. செத்துப்போன அக்காவுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம், இன்னும் தையல் காயாத தேவயானி ஒரு பக்கம். இரண்டு நிமிஷம் நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன்.

"அண்ணே, வெட்டறதுக்கு முன்னாடி உங்க வண்டியில ஒரு சுத்து போயிட்டு வரலாம். தங்கராசு அண்ணன் ஓட்டட்டும். நீங்க என்கூடப் பின்னாடி உக்காருங்க."

"நான் எதுக்கு பின்னாடி? அவன உக்கார வையி."

"இல்ல. நீங்கதான் உக்காரணும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் எதிர்த்துப் பேசவில்லை. வாங்கி எத்தனையோ வருஷமான தன் வண்டியின் பின் சீட்டில், அக்கா இடத்தில், முதல் தடவையாக உட்கார்ந்தார்.

முதல் வேகத்தடையில் அடி நேராக முதுகில் ஏறியது. "மெதுவாடா" என்றார். "மெதுவாத்தாண்ணே போறேன்" என்றார் தங்கராசு. உண்மைதான், நடக்கிற வேகம்தான். இரண்டாவதில் அவர் கை தானாக முன் சீட்டைப் பிடித்தது. மூன்றாவதில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலாவது, எங்கள் பிளாக் திருப்பத்தில் இருக்கிற பெரியது. அதில் ஏறி இறங்கினதும் மெல்லக் கேட்டார்.

"இங்கதான... இங்கதான அவ கேஸ மூடினீங்களான்னு கேப்பா?"

"ஆமாண்ணே."

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தங்கராசு வண்டியைத் திருப்பப் போனார். "திருப்பாத. குறிஞ்சிப்பாடி வரைக்கும் போ" என்றார் அண்ணன். போனோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் பெயர்த்த ரோடு முழுக்க அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் வாங்கினார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பும் வழியில் டாக்டர் கேட்டது, அக்கா சொன்னது, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்குகிற வெட்கத்துக்கு வலி மேல் என்று அக்கா சொன்னதையும் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.  அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பின்பக்கம் வெல்டிங் சத்தம் கேட்டது. பகல் ஒரு மணிக்கு நின்றது. போய்ப் பார்த்தேன். இரும்புத் தகட்டில் இரண்டு படி, ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம்தான். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள வழவழப்பான ஒரு குழாய். மடித்து டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். தங்கராசு வண்டியை வெட்டாமல் அப்படியே வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து, படியை விரித்து வைத்தார் அண்ணன்.

தேவயானி குழாயைப் பிடித்தாள். ஒரு காலை வைத்தாள், மறு காலைச் சேர்த்தாள். அடுத்த படியிலும் அப்படியே. திரும்பி உட்கார்ந்தாள். அவளை யாரும் தொடவில்லை. "நல்லா சௌகரியமா இருக்குதுண்ணே" என்று சிரித்தாள். அவர்கள் போகும்வரை அண்ணன் சிரித்த முகமாகவே நின்று வழியனுப்பினார்.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் முந்திரி மரத்தடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு மணி நேர வேல, ஆதிலட்சுமி" என்றார். "நாலு மணி நேரம்."

பிறகு பெரிய குரலில் அழுதார். அக்கா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.  ஆஸ்பத்திரி வராண்டாவில் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொள்ளாமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாளே வேறு ஸ்பிரிங் மாட்டி, அந்தப் படியையும் செய்திருப்பார். அக்கா இரண்டு வருஷம் வலியில்லாமல் ஊர் சுற்றியிருப்பார்.